மடிப்பக்கா வளர்த்த பப்பாளி

கண்ணோட்டம் என்பது ஒரு நற்குணம். இரக்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்வோர் பலர். இரக்கம் ஓடிச் சென்று கையை நீட்டும். கண்ணோட்டமோ சில வேளைகளில் நீட்டிய கையை மெல்ல உள்ளிழுத்துக்கொள்ளும். கண்டதைக் கண்டதாகக் காட்டாதிருப்பதும், அறிந்ததை அறிவிக்காதிருப்பதும், ஒருவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று வந்த வழியே ஓசையின்றித் திரும்புவதும் அதன் தொழில்கள். கண் படைத்தவர் எல்லாரும் இக்குணம் படைத்தவர் அல்லர். படைத்தவர்க்கும் அது பிறவியிலேயே வந்துவிடுவதில்லை.

ஓர் உச்சிப்பொழுதில், தன் வீட்டுப் பின்வாசலில் நின்று, அதைப் பெற்றாள் ஒருத்தி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை மடிப்பக்கா என்பார்கள். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் விரிப்புகளை மற்றவர்கள் இருவர் இருவராக நின்று மடிப்பார்கள். இவள் ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாளாக மடித்து அடுக்குவாள். அடுக்கின் ஓரம் சுவர் எழுப்பியதுபோல் நேராக நிற்கும். வீட்டிலும் அப்படியே. செய்தித்தாள், துண்டு, மருந்து வாங்கிய காகித உறை எதுவும் அவள் கையில் மடியாமல் தப்பாது. கோபம் வந்தால் அதையும் நான்காக மடித்து உள்ளே வைத்துவிடுவாள் என்று உடன் வேலை செய்வோர் சிரிப்பார்கள்.

ஈரம் அவளுக்குப் பகை. ஈரத்தோடு மடித்த விரிப்பு மறுநாள் நாறும். நோயாளியின் முதுகில் தடிப்பை எழுப்பும். ஆகவே ஒவ்வொரு துணியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். உள்ளங்கை வேலை செய்து மரத்துப்போயிருக்கும், பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பது அவள் கண்ட உண்மை. நாள் முழுதும் ஈரத்தோடு போரிட்ட இப்பெண், தன் வீட்டு மண்ணில் அந்தப் பகைவன் வந்து குடியேறியதை மட்டும் நெடுநாள் காணத் தவறினாள். அன்பு கண்ணை மறைத்த கதை அது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் வீட்டில் இருந்தால் நாலு பேர் இருப்பதுபோல் இருக்கும். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் வம்புக்கு இழுப்பார். அவருடைய தடத்தில் ஏறிய பயணிகள், அடுத்த பேருந்து காலியாக வந்தாலும், இவர் பேச்சைக் கேட்பதற்காகவே நெரிசலில் நிற்பதுண்டாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு காலையில், கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, வலக்கையிலிருந்த கத்தி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். பக்கவாதம்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. பேச்சும் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தது. வலக்காலை இழுத்து இழுத்து நடக்கலாம் என்றார்கள். வலக்கை மட்டும் இரவல் வாங்கிய பொருள்போல் உடம்பின் ஓரத்தில் தொங்கியது. கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் சில வாரம் வந்தாள். பந்தை அழுத்தச் சொன்னாள், விரலை எண்ணச் சொன்னாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒருநாள் ஓட்டுநர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு பெரும்பாலும் அந்தச் சுவர்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

மடிப்பக்கா மனம் தளரவில்லை. விடியுமுன் எழுவாள். அவரைக் குளிப்பாட்டி, தலை சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, உணவைப் பிசைந்து ஊட்டிவிட்டு, பகலுக்கு வேண்டியதையெல்லாம் இடக்கைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். தண்ணீர்க் குவளை, வெந்நீர்ப் புட்டி, தொலைபேசி, துண்டு எல்லாம் வரிசையாக, ஓரம் பிசகாமல் இருக்கும். கட்டினவனைக் கண்ணுக்குள் வைத்துத் தாங்குகிறாள் என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அவளுக்கும் அதில் ஒரு நிறைவு இருந்தது. இருந்தது என்று சொன்னால் குற்றமில்லை.

மெச்சாதவள் ஒருத்தியே, அவளுடைய நாத்தனார். ஓட்டுநரின் தங்கை. அண்ணனுக்கு வாய்த்த அதே வாய் அவளுக்கும். ஒரு விடுமுறை நாளில் நன்கு பழுத்த பப்பாளி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தவள், அண்ணி அண்ணனுக்குப் பழத்தைச் சீவித் துண்டாக்கி, துண்டைக் கரண்டியால் மசித்து, மசித்ததை ஊட்டுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அழுக்குத் துணிய ஊறப்போடுற மாதிரி எங்கண்ணனை ஊறப்போட்டு வெச்சிருக்கீங்க. எப்பதான் அலசிக் காயப்போடுவீங்க?"

ஓட்டுநரின் வாயோரம் ஒரு கணம் நெளிந்தது. மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. வழக்கம்போல் நான்காக மடித்து உள்ளே வைத்தாள். நாத்தனாரோ, சொன்னதை அந்தக் கணமே மறந்துவிட்டு, பழத்தின் வயிற்றிலிருந்து கருமணி விதைகளை வழித்தெடுத்து, அவற்றை எப்படி ஊன்ற வேண்டும் என்று விளக்கத் தொடங்கினாள். ஒரே குழியில் மூன்று நான்காகப் போட வேண்டுமாம். பூ விடும் வரை அவற்றில் எது ஆண், எது பெண் என்று படைத்தவனுக்கே தெரியாதாம். பூத்த பிறகு பார்த்து, காய்க்காததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காய்ப்பது ஒன்றை நிறுத்திக்கொள்ள வேண்டுமாம்.

அன்று காலையிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாத ஓட்டுநர் அப்போது பேசினார். "காய்க்காததைப் பிடுங்கணும்னா, மொதல்ல என்னைப் பிடுங்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தவர் அவர் ஒருவரே. தங்கை எழுந்து போய்க் கைகழுவினாள். மடிப்பக்கா கரண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தாள். உடம்பில் விழுந்த நோய் மனத்திலும் விழுந்துவிட்டது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இவரை எப்படியாவது அந்தச் சுவரிலிருந்து திருப்பிவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டாள்.

வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தளம். அதில் துவைகல்லும் குழாயும். தளத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கட்டில் அளவுக்கு மண் தெரியும். அந்த மண்ணைக் கொத்தி விதையை ஊன்றினாள். பிறகு, ஒருவர் உதவியும் கேளாமல், கட்டிலை இழுத்துப் பின்னறைச் சன்னலோரம் போட்டாள். இனி அவர் சுவரைப் பார்க்க விரும்பினால் கழுத்தைத் திருகிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

விதைகளில் மூன்று முளைத்தன. பப்பாளிக்குக் காத்திருக்கத் தெரியாது. இன்று பார்த்ததை நாளை பார்க்க முடியாது, அவ்வளவு விரைவு. கையகல இலை முறத்தளவு ஆயிற்று. ஓட்டுநர் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார். மாலையில் அவள் வீடு திரும்பியதும், எந்த இலை பழுத்தது, எந்தக் காகம் வந்து உட்கார்ந்தது என்று செய்தி சொல்லத் தொடங்கினார். ஒரு நாளின் செய்தி மறுநாள் வளர்ந்து கதையாகிவிடும். பழைய வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

மூன்று கன்றும் பூத்த அன்று அவர் தாமாகவே பின்வாசல் வரை நடந்து வந்து தீர்ப்புச் சொன்னார். இரண்டில் நீண்ட காம்புகள் சரம் சரமாகத் தொங்கின, காம்பு முழுதும் பொடிப் பூக்கள். மூன்றாவதில் பருத்த மொட்டுகள் தண்டை ஒட்டியே உட்கார்ந்திருந்தன.

"இந்த ரெண்டும் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வர்ற பசங்க. டிக்கெட் எடுக்க மாட்டானுங்க, எறக்கிவிடு. உள்ள வந்து ஒழுங்கா உக்காந்திருக்கு பாரு, அதுதான் நம்ம பயணி."

அவள் சிரித்த சிரிப்பில் மதிலுக்கு அப்பால் ஒருவர் எட்டிப் பார்த்தார். தொங்கிய இரண்டையும் பிடுங்கினாள். உட்கார்ந்திருந்த பயணி தங்கினாள், காய்த்தாள். கழுத்தைச் சுற்றிக் காய் காயாகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெயில் காலம் வந்தது. மடிப்பக்கா விடியலில் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி, மாலையில் வந்ததும் ஒரு வாளி என்று ஊற்றினாள். நடுப்பகலில் தானும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று ஓட்டுநர் ஒருமுறை கேட்டார். அவள் பதறிப்போனாள். தளம் வழுக்கும், விழுந்தால் யார் தூக்குவது, நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன், நீங்கள் சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய உதவி என்றாள். அத்தனை சொல்லிலும் அன்புதான் இருந்தது. ஆனால் அம்பு எய்தவருக்கு அது எங்கே தைத்தது என்று எப்போதும் தெரிவதில்லை. அவர் சரி என்றார். மீண்டும் கேட்கவில்லை.

சில வாரங்களில் மரம் வாடியது. அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கின. குருத்தும் தலை கவிழ்ந்தது. பிஞ்சுகள் ஒவ்வொன்றாகத் துவைகல்மேல் விழுந்தன. வெயில் தாங்கவில்லை பாவம் என்று எண்ணி மடிப்பக்கா ஒரு வாளியை இரண்டாக்கினாள். மரம் மேலும் வாடியது. தாகத்தால் வாடும் இலையும், நீரில் மூச்சு முட்டி வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். புறங்கையால் அந்த மண்ணை ஒருமுறை தொட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். துணி உலர்ந்ததா என்று தொட்டுப் பார்த்த கைக்கு, மண் உலர்ந்ததா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மரம் வாட வாட, ஓட்டுநர் தேறினார். அது ஒரு புதிர்போல் இருந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். வலக்கை முழங்கையளவில் மடங்கத் தொடங்கியது. ஒருநாள் குவளையை வலக்கையால் மார்போடு அணைத்துப் பிடித்துக் குடித்தார். புது மாத்திரைதான் வேலை செய்கிறது என்று நம்பிய அவள் இறைவனுக்கும் மருத்துவருக்கும் நன்றி சொன்னாள். நன்றியில் ஒரு பங்கு வேறோர் இடத்துக்குச் சேர வேண்டியிருந்ததை அறியாள்.

ஒருநாள் முற்பகலில் சலவைக்கூடத்தின் கொதிகலன் பழுதாகி நின்றது. நீராவி இல்லையேல் அங்கே ஒன்றும் நடவாது. மேற்பார்வையாளர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டே உள்ளே போகலாம் என்று மடிப்பக்கா பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்தாள். குழாயில் நீர் விழும் ஓசை கேட்டது.

கொடியில் தொங்கிய விரிப்புக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஓட்டுநர் இடக்கையில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். மடங்கிய வலக்கையின் முழங்கை வளைவில் பால் வாங்கும் தூக்குப் பாத்திரம் தொங்கியது. அதில் நீர். வலக்காலை இழுத்து ஓர் அடி, நின்று மூச்சு வாங்கி இன்னோர் அடி. பாத்திரம் ஆடியதில் பாதி அவர் மேலேயே சிந்தியது. மரத்தடிக்கு வந்ததும் தோளைச் சாய்த்து மீதியை ஊற்றினார்.

"உள்ள போ, உள்ள போ. இன்னும் எடம் இருக்கு" என்றார் நீரிடம். திரும்பவும் குழாய்க்கு நடந்தார்.

விழுந்துவிடப் போகிறீர்கள் என்று கத்த அவளுக்கு வாய் திறந்துவிட்டது. அதற்குள் அவர் முகம் கண்ணில் பட்டது. குறுகலான தெருவில், இருபுறமும் வண்டிகள் நிற்க, பெரிய பேருந்தை ஒரு கீறலும் இல்லாமல் திருப்பி எடுக்கும்போது அவருக்கு ஒரு முகம் உண்டு. மணமான புதிதில் முன்னிருக்கையில் அமர்ந்து அவள் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த முகம். அது இப்போது அந்தத் தூக்குப் பாத்திரத்தின் மேல் குனிந்திருந்தது.

அதே கணத்தில் மற்றொன்றும் விளங்கியது. மரத்தடியில் மண் சேறாகி வெயிலில் மினுங்கிற்று. காலையும் மாலையும் அவள், பகல் முழுதும் அவர். இருவர் அன்பில் மரம் மூழ்கிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். ஊற்றாதீர்கள், நீங்கள் ஊற்றித்தான் மரம் சாகிறது என்று ஒரு வார்த்தை போதும். மரம் ஒருவேளை பிழைக்கும். மனிதர் கட்டிலை அடைவார், கழுத்தைத் திருகிக்கொண்டாவது சுவரைப் பார்ப்பார். இனி எந்தச் சன்னல் அவரைத் திருப்பும்? சொல்லாவிட்டால் மரம் போய்விடும், அதோடு அவர் முகத்தில் வந்த அந்த ஒளியும் போய்விடக்கூடும். எப்பக்கம் திரும்பினாலும் இழப்பு. ஆயினும் ஒன்று இன்றைய இழப்பு, மற்றொன்று நாளையது. விரிப்பு அசையாதபடி பின்வாங்கி, சந்து வழியே வெளியேறி, பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். எந்த வண்டிக்குக் காத்திருக்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, வழக்கமான நேரத்துக்கு என்று பொருந்தாத விடை சொன்னாள். நாள்தோறும் திரும்பும் வேளை வந்தபின், முன்கதவை ஊரே கேட்கும்படி ஓசையெழுப்பித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை அவள் வாளியைத் தொடவில்லை. மறுநாள் விடியலில் மண்ணில் புறங்கையை வைத்தாள். சில்லென்று ஈரம் ஏறியது. தண்டின் அடியில் கருத்த ஓரிடம், விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. பழைய கரண்டி ஒன்றால் மரத்தடியிலிருந்து கழிவுநீர் வாய்க்கால் வரை சிறு ஓடை கீறி, நீர் வடிய வழி செய்தாள். மண்ணின் ஈரம் வற்றட்டும், அவர் கையில் ஊறிய உயிர் வற்றாதிருக்கட்டும் என்று அந்நாள்களில் அவள் செய்த வேண்டுதல் விந்தையானது. அதை எந்தத் தெய்வம் எப்படிப் பிரித்துக் கொடுக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

வேண்டுதலில் முதற்பாதி பலிக்கவில்லை. ஒரு மாலை அவள் வீடு திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. பின்வாசலுக்கு ஓடினாள். மரம் அடியோடு முறிந்து துவைகல்மேல் கிடந்தது. அருகே படியில் ஓட்டுநர் அமர்ந்திருந்தார். காய்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, துண்டை விரித்து, பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தியிருந்தார். முழங்கால்வரை சேறு.

காற்று பலமாக அடித்திருக்கும் என்று அவள் முந்திக்கொண்டாள். எந்தக் காற்று, ஓர் இலைகூட அசையவில்லை, வேர் அழுகிவிட்டது என்றார் அவர். அப்படியானால் பழி தன்மேல்தான், இரு வேளையும் அளவில்லாமல் ஊற்றியவள் தானே என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஊத்துறது எனக்குத் தெரியாதா? அந்தக் கொழாச் சத்தத்துலதான் தெனம் முழிக்கிறேன். நான் ஊத்தினதும் உனக்குத் தெரியும். அன்னிக்குத் துணிக்குப் பின்னாடி உன் காலு தெரிஞ்சுது."

அவரே தொடர்ந்தார். அவள் கண்டும் காணாமல் போனதை எண்ணி அன்று முழுதும் படுத்திருந்தாராம். மறுநாள் மண்ணில் கீறிய ஓடையைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டதாம். அதன் பிறகு மரத்துக்கு ஒரு சொட்டு ஊற்றவில்லையாம். நீரைச் சுமந்துகொண்டுபோய் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தாராம். நடப்பதைக் கைவிட மனம் வரவில்லையாம்.

"நான் ஊத்துறேன்னு தெரிஞ்சும் ஏங்க நீங்களும் ஊத்துனீங்க?"

"வேற என்ன வேலை எனக்கு விட்டு வெச்சே?"

குரலில் கோபம் இல்லை. இந்த வண்டி இன்ன ஊருக்குப் போகும் என்று பயணிக்குச் சொல்வதுபோல் சொன்னார். மடிப்பக்கா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் எத்தனையோ சொல்லை மடித்து உள்ளே வைத்தவள் இதை மட்டும் மடிக்கவில்லை. விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தாள். குளிப்பாட்டியதும் ஊட்டியதும் பொத்தான் போட்டதும், இடக்கைக்கு எட்டும்படி எல்லாவற்றையும் அடுக்கி வைத்ததும் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து நின்றன.

பிறகு மெல்லக் கேட்டாள். "தாகமா இருக்குங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாறீங்களா?"

அவர் திரும்பி அவளை ஆராய்ந்தார். கேலியா, இரக்கமா என்று தேடினார் போலும். இரண்டும் இல்லை. உண்மையாகவே அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஊன்றுகோலைப் பற்றி எழுந்து உள்ளே போனார். சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. மூடி ஒன்று தரையில் சுழன்று சுழன்று அடங்கியது. அவள் எழவில்லை. எழுந்துவிடாதிருக்கப் படியின் விளிம்பை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். மரம் சுமந்த காய்களைவிட அந்தச் சில நொடிகள் கனத்தன.

குவளையை வலக்கையால் மார்போடு அணைத்து அவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது. குவளையில் எஞ்சியது பாதிகூட இல்லை. அவள் வாங்கி ஒரு சொட்டும் விடாமல் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அவர் மறுபடியும் போனார்.

இப்போது அந்த மண்ணில் மேடு கட்டி, மேட்டின்மேல் புதுக் கன்றுகள் நிற்கின்றன. மேடு கட்டச் சொன்னவள் நாத்தனார். கட்டியவர் அவள் அண்ணன், ஒன்றரைக் கையால், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு. நீர் ஊற்றுவது அவர் உரிமை. மடிப்பக்கா வாளிப் பக்கம் போனால் முன்பதிவு இல்லாமல் ஏறக்கூடாது என்று விரட்டுகிறார். சட்டைப் பொத்தானைத் தாமே ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒருபுறம் ஏறி ஒருபுறம் இறங்கிய கோலத்தில், வாசலில் நின்று வம்பு பேசுகிறார். அவள் பார்க்கிறாள். கை துறுதுறுக்கிறது. பார்த்தும் பாராதவளாய் வேலைக்குப் புறப்படுகிறாள்.

அவ்வில்லம் நீடு வாழ்க. அங்கே ஊன்றிய வேர் குளிர்ந்தும் அழுகாதிருக்க. கொடுக்கும் கை அளவறிக, வாங்கும் கை தளர்வு தீர்க. சிந்திய நீரைத் துடைக்க விரையாத பொறையும், நிறைந்த குவளையை ஒருநாள் ஏந்தி வரும் வலிமையும் அவ்விருவர்க்கும் வாய்க்க. எல்லா உயிருக்கும் வேண்டிய அளவு அறிந்து பொழியும் பெருங்கருணை, அவ்வீட்டுக் கூரைமேலும் அதே அளவறிந்து பொழிக.